எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது வாட் எண்ணுக்கு முன் பார்க்க வேண்டியவை

மேசைக் கணினியின் எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி, பழுதாகிக் கடைக்குப் போனால் முதலில் காதில் விழும் கேள்வி "எத்தனை வாட் வேண்டும்?" என்பதுதான். 450 என்றோ 550 என்றோ ஒரு விடை சொன்னதும் பெட்டி ஒன்று கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் பழையதன் இடத்தில் புதியது பொருந்துமா என்பதைத் தீர்மானிக்கிறவற்றுள் வாட் கடைசியாகப் பார்க்க வேண்டியது. கருவியின் உடல் கேபினட்டுக்குள் அமர வேண்டும். அதன் கனெக்டர்களில் ஒவ்வொரு பின்னும் (ஊசி முனையும்) மதர்போர்டு எந்த மின்னழுத்தத்தை எதிர்பார்க்கிறதோ அதையே தர வேண்டும். 12 வோல்ட் லைனில் போதிய ஆம்பியர் இருக்க வேண்டும். சுவரிலிருந்தும் யுபிஎஸ்ஸிலிருந்தும் வருகிற மின்சாரத்தோடு அது ஒத்துப்போக வேண்டும். இவற்றுள் இரண்டாவதில் தவறு நேர்ந்தால் மதர்போர்டும் சேர்ந்து போய்விடும் என்பதால் அதைப் பற்றியே இங்கே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கலை இன்று மிகுதியாகச் சந்திப்பவர்கள் செப்பனிட்ட அலுவலகக் கணினிகளை வாங்கியவர்கள். பெருநிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகைக் கணினிகள் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளுக்கு வந்து, மாணவர்கள் வீட்டுக்கும் சிறு கடைகளுக்கும் போகின்றன. கொடுத்த விலைக்கு மேல் உழைக்கக்கூடிய உறுதியான இயந்திரங்கள் அவை. ஆயினும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டாலோ, பிள்ளைகளின் விளையாட்டுக்கோ வீடியோ எடிட்டிங்குக்கோ கிராபிக்ஸ் கார்டு சேர்க்க நினைத்தாலோ, கேபினட்டைத் திறந்து பார்த்த பிறகுதான் உள்ளே இருக்கிற கனெக்டர் சந்தையில் கிடைக்கும் எந்த எஸ்எம்பிஎஸ்ஸோடும் பொருந்தாத ஒன்று என்பது தெரியவருகிறது.

இது ஏன் இப்படி ஆயிற்று என்பதற்குச் சிறிது பின்னோக்கிப் போக வேண்டும். 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியின் வழிவந்த கணினிகளில் மதர்போர்டுக்கான மின்சாரம் பி8, பி9 என்ற இரண்டு 6 பின் கனெக்டர்கள் வழியாகச் சென்றது. இரண்டும் ஒரே உருவம் உடையவை என்பதால் இடம் மாறிச் செருகப்பட்டுப் போர்டு எரிந்துபோவது உண்டு. கறுப்புக் கம்பிகள் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும் என்பதைப் பழுது பார்ப்பவர்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் தரநிலை இந்த இரண்டையும் ஒரே 20 பின் கனெக்டராக ஆக்கியது. அதன் துளைகள் சில சதுரமாகவும் சில மூலை வெட்டப்பட்டும் இருப்பதால் தலைகீழாகச் செருக முடியாது. 2000இல் செயலிக்கென்று (பிராசசர்) தனியாக 4 பின் கொண்ட 12 வோல்ட் கனெக்டர் வந்தது. பென்டியம் 4க்கு அது தேவைப்பட்டது. 2003இல் வெளியான ஏடிஎக்ஸ்12வி 2.0 பதிப்பு 20 பின்னை 24 ஆக்கியது. கூடுதலாக வந்த நான்கும் புதிய மின்னழுத்தங்கள் அல்ல. ஏற்கெனவே இருந்த 12, 5, 3.3 வோல்ட்டுகளுக்கும் கிரவுண்டுக்கும் ஒவ்வொரு கம்பி சேர்த்ததுதான். ஆகவே தரநிலையைப் பின்பற்றிய 20 பின் உள்ள பழைய போர்டில் இன்றைய எஸ்எம்பிஎஸ்ஸைத் தயக்கமின்றிப் பொருத்தலாம். பெரும்பாலானவற்றில் அந்த நான்கு பின் பகுதி கழற்றிவிடும்படியே அமைந்திருக்கிறது.

தரநிலைப்படி அமைந்த கேபிளில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், கறுப்பு கிரவுண்டு. ஊதா நிறக் கம்பியில் கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். பச்சைக் கம்பியைப் போர்டு கிரவுண்டோடு இணைக்கும்போது எஸ்எம்பிஎஸ் விழித்தெழும். எல்லா மின்னழுத்தங்களும் நிலைபெற்ற பிறகு சாம்பல் நிறக் கம்பி வழியாகப் போர்டுக்கு அனுமதி போகும். 24 பின்னில் ஓரிடம் வெறுமையாக இருப்பதைக் கண்டு கம்பி அறுந்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை. முன்பு அங்கே மைனஸ் 5 வோல்ட் இருந்தது. பிற்பாடு அது தேவையற்றதென்று நீக்கப்பட்டது. இன்று எல்லாக் கம்பிகளையும் கறுப்பாகவே தரும் நிறுவனங்கள் பல என்பதால் நிறத்தை மட்டும் நம்புவதற்கில்லை. துளை எந்த எண்ணுக்கு உரியது என்பதைப் பார்ப்பதே உறுதியானது.

தரநிலை என்பது பின்பற்றுகிறவரைக்கும்தான் காவல். 1990களின் பிற்பகுதியில் டெல் தனது மேசைக் கணினிகளில் ஏடிஎக்ஸின் அதே 20 பின் கனெக்டரை வைத்துக்கொண்டு உள்ளே கம்பிகளின் வரிசையை மட்டும் மாற்றியது. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது. சந்தையில் வாங்கிய எஸ்எம்பிஎஸ் சிக்கலின்றி உள்ளே நுழையும். சுவிட்சைப் போட்டதும் போர்டோ எஸ்எம்பிஎஸ்ஸோ இரண்டுமோ பழுதாகும். "செருக முடிகிறது என்றால் பொருந்துகிறது" என்ற நம்பிக்கை அந்தத் தலைமுறைக் கணினிகளில் பலரது பணத்தை விழுங்கியது. பின்னர் டெல் பொதுத் தரநிலைக்குத் திரும்பியது. 2012இல் வந்த ஆப்டிபிளெக்ஸ் 7010இன் மினி டவர் வடிவத்தில் வழக்கமான 24 பின்னும் செயலிக்கான 4 பின்னும் இருந்ததால் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸை அதில் அப்படியே பொருத்தலாம்.

அதற்கு அடுத்த தலைமுறையில், அதாவது 3020, 7020, 9020 ஆகியவற்றில், மறுபடியும் பாதை பிரிந்தது. 24 பின்னுக்குப் பதில் 8 பின் கனெக்டர் வந்தது. பின்வந்த மாடல்கள் சிலவற்றில் 6 பின் வந்தது. இம்முறை மாற்றத்துக்கு ஒரு நியாயம் உண்டு. இப்படிப்பட்ட எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டை மட்டுமே தருகிறது. 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் போர்டே அதிலிருந்து உண்டாக்கிக்கொள்கிறது. ஹார்ட் டிஸ்குக்கும் எஸ்எஸ்டிக்கும் போகிற மின்கம்பிகூட எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து புறப்படாமல் போர்டில் உள்ள ஒரு சிறு கனெக்டரிலிருந்து புறப்படும். இன்றைய கணினியில் பெரும்பங்கு மின்சாரம் செயலிக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் 12 வோல்ட்டாகவே போகிறது என்பதால், மற்ற மின்னழுத்தங்களுக்கான சுற்றுகளை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எடுத்துவிட்டால் கணினி சும்மா இருக்கும்போது வீணாகும் மின்சாரம் குறைகிறது. இதே எண்ணத்தைப் பின்னாளில் இன்டெல் ஏடிஎக்ஸ்12விஓ என்ற பெயரில் 10 பின் கனெக்டரோடு பொதுத் தரநிலையாகவும் கொண்டுவந்தது. எச்பியின் வணிகக் கணினிகள் 6 பின் கனெக்டர்களுக்கும், பின்னர் 4 பின், 7 பின் கனெக்டர்களுக்கும் மாறின. லெனோவோ திங்க்சென்டர்களில் ஒரு காலத்துக்கு 14 பின்னும் அதன்பின் 10 பின்னும் காணப்படுகின்றன. பின்களின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் ஒரு நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ் இன்னொரு நிறுவனத்தின் போர்டுக்குச் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. வரிசைகள் வேறு வேறு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மாடல் எண்ணை மட்டும் சொல்லிக் கேட்டால் கடைக்காரரும் தவறக்கூடும். ஆப்டிபிளெக்ஸ் 7010 என்ற பெயரையே டெல் 2023இல் முற்றிலும் வேறொரு கணினிக்கும் வைத்தது. ஒரே மாடல் எண்ணுக்குள் மினி டவர், எஸ்எஃப்எஃப் (சிறிய உடல்) எனப் பல உடல் வடிவங்கள் இருந்து, ஒவ்வொன்றின் எஸ்எம்பிஎஸ்ஸும் வேறாக இருக்கும். 9020 மினி டவரில் இருந்தது 290 வாட் கருவி, அதன் எஸ்எஃப்எஃப் வடிவத்தில் 255 வாட், உருவங்களும் வேறு. எனவே பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளில் அச்சிட்டிருக்கும் பாக எண்ணை எடுத்துக்கொண்டு தேடுவதே சரியான வழி. டெல் அதை டிபி/என் என்றும், லெனோவோ எஃப்ஆர்யு என்றும், எச்பி ஸ்பேர் பார்ட் எண் என்றும் குறிக்கின்றன. லேபிள் கிழிந்துபோயிருந்தால் டெல் கணினியின் உடலில் ஒட்டியிருக்கும் சர்வீஸ் டேக் எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் தளத்தில் அந்த இயந்திரத்தோடு வந்த பாகங்களை அறியலாம்.

அதே பாக எண்ணில் பழைய எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்குவதா, 24 பின்னை 8 பின்னாகவோ 10 பின்னாகவோ மாற்றித் தரும் அடாப்டர் கேபிளோடு புதிய ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் வாங்குவதா என்பது அடுத்த கேள்வி. கணினியில் எதையும் சேர்க்கப் போவதில்லை, இருந்தபடியே ஓடினால் போதும் என்றால் அதே பாக எண்ணை நாடுவதுதான் என் பரிந்துரை. எஸ்எஃப்எஃப் வடிவத்துக்கு வேறு வழியும் இல்லை. அதன் கேபினட்டுக்குள் சாதாரண ஏடிஎக்ஸ் பெட்டி நுழையாது. கிராபிக்ஸ் கார்டு சேர்ப்பதற்காக மாற்றுகிறவர்களுக்கு அடாப்டர் கேபிள் பயனுள்ளதே. ஆனால் அந்தக் கேபிள் குறிப்பிட்ட மாடலின் பெயரைச் சொல்லி விற்கப்படுவதாக இருக்க வேண்டும். அணைந்திருக்கும் நிலையில் 5 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட் கேட்கும் போர்டுகள் உண்டு. அவற்றுக்கான கேபிளில் 5 வோல்ட்டை 12 ஆக உயர்த்தும் சிறிய சுற்று ஒன்று கோக்கப்பட்டிருக்கும். அந்தச் சுற்று இல்லாத வெறும் கம்பிக் கேபிளை அப்படிப்பட்ட போர்டில் செருகினால் பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் கணினி எழாது. கேபிள் கைக்கு வந்ததும் மல்டிமீட்டரின் ஒலிச் சோதனையில் வைத்து, மஞ்சள் கம்பி எந்தத் துளையில் முடிகிறது, கறுப்பு எந்தத் துளையில் முடிகிறது என்பதைப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கனெக்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். அந்தச் சில நிமிடங்களை எவரும் மிச்சப்படுத்த வேண்டாம்.

உடல் அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸின் அகலம் 150 மில்லிமீட்டர், உயரம் 86 மில்லிமீட்டர், இவை மாறுவதில்லை. நீளம் பொதுவாக 140, ஆனால் வாட் கூடும்போது 160, 180 என்று நீளும். கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய மாடுலர் வகையில் கேபிள் வளைவதற்கும் இடம் விட வேண்டும் என்பதால் ஹார்ட் டிஸ்க் கூண்டு வரைக்குமான தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிடுவது நல்லது. சிறு கேபினட்டுகளில் வரும் எஸ்எஃப்எக்ஸ் வகை 125 மில்லிமீட்டர் அகலமும் 63.5 மில்லிமீட்டர் உயரமும் உடையது. டிஎஃப்எக்ஸ் ஒல்லியாகவும் நீளமாகவும் இருக்கும்.

இனி ஆம்பியருக்கு வரலாம். எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியில் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் எண்ணைவிட, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எழுதியிருக்கும் ஆம்பியரே அந்தக் கருவியின் உண்மையான வலிமையைச் சொல்கிறது. 450 வாட் என்று சொல்லும் தரமான கருவியில் 12 வோல்ட்டுக்கு 36 ஆம்பியரை ஒட்டி இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 432 வாட். அதாவது ஏறத்தாழ முழு வலிமையும் அந்த ஒரு லைனிலேயே கிடைக்கிறது. கேபினட்டோடு சேர்த்துத் தரப்படும் மலிவான கருவிகளிலும் 450 என்றே எழுதியிருக்கும்; ஆனால் லேபிளில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்று இருந்தால் செயலிக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கிடைப்பது 192 வாட் மட்டுமே. மீதி வாட் எல்லாம் இன்றைய கணினி அவ்வளவாகக் கேட்காத 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கணக்குக் காட்டப்படுகிறது. 12 வோல்ட் லைனை இரண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆம்பியர் எண் போட்டிருந்தால் அவற்றைக் கூட்டிவிடக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து இத்தனை வாட்தான் என்ற உச்சவரம்பு கீழே தனியாக எழுதப்பட்டிருக்கும், அதையே கொள்ள வேண்டும். ஆம்பியர் கணக்கையே அச்சிடாத லேபிள் உள்ள கருவியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காமல் இருப்பதே மேல்.

தேவையைக் கணக்கிடுவது அவ்வளவு கடினமல்ல. ஆப்டிபிளெக்ஸ் 7020இல் பரவலாகக் காணப்படும் கோர் ஐ5-4590 செயலியின் வரம்பு 84 வாட். போர்டு, ரேம், விசிறி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்த்து 40, 50 வாட் வைத்துக்கொண்டால் மொத்தம் 135 வாட்டைத் தாண்டாது. இதில் ஜிடிஎக்ஸ் 1650 போல 75 வாட் வரம்புள்ள, தனிக் கேபிள் கேட்காத கார்டைச் சேர்த்தால் 210 வாட் ஆகும். நல்ல நிலையில் உள்ள 290 வாட் கருவி அதைத் தாங்கும், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றவே தேவையில்லை. ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் கார்டுக்கு மட்டும் 170 வாட். மொத்தம் 300ஐத் தாண்டிவிடுகிறது. அந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ். இந்த இடைவெளி வீண் ஆடம்பரம் அல்ல. கிராபிக்ஸ் கார்டு சில மைக்ரோ விநாடிகளுக்குத் தன் சராசரியைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுப்பது உண்டு. அந்தக் கணத்தில் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று அதை ஷார்ட் என்று எண்ணிக் கணினியை அணைத்துவிடக்கூடும். புதிய செயலிகளிலும் பெயரளவு வாட்டை மட்டும் பார்த்தால் போதாது. கோர் ஐ5-12400இன் அடிப்படை வரம்பு 65 வாட் என்றாலும் டர்போ உச்சத்தில் 117 வாட் வரை போக அனுமதி உண்டு.

கார்டுக்கு மின்சாரம் போகும் வழி வாட் கணக்கைப் போலவே முக்கியமானது. மதர்போர்டின் ஸ்லாட் வழியாக 75 வாட், 6 பின் கேபிள் வழியாக 75 வாட், 8 பின் கேபிள் வழியாக 150 வாட் என்பவை வரையறைகள். பழைய அலுவலக எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த 6 பின், 8 பின் கேபிள்கள் இருப்பதில்லை என்பதால், ஹார்ட் டிஸ்குக்கு மின்சாரம் தரும் சாட்டா மின்கனெக்டரை 6 பின்னாக மாற்றும் ஒரு சிறு கேபிளைப் பொருத்திக் கொடுத்துவிடுகிறார்கள். சாட்டா மின்கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மொத்தம் 54 வாட். 6 பின் வழியாக கார்டு கேட்கக்கூடியது 75 வாட். இந்த எளிய கணக்கே அந்த மாற்றுக் கேபிளின் பிளாஸ்டிக் ஏன் இளகுகிறது, ஏன் சில நேரம் தீப்பிடிக்கிறது என்பதற்கு விளக்கம். கேபினட்டுக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு பிள்ளைகளை அதன் முன் உட்கார வைப்பதற்கு எந்தச் சிக்கனமும் காரணமாகாது.

செயலிக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். செயலிக்கானதில் நான்கு 12 வோல்ட்டும் நான்கு கிரவுண்டும் எதிரெதிர் வரிசையில் நிற்கின்றன. கார்டுக்கானதில் மூன்று 12 வோல்ட், மற்றவை கிரவுண்டு, அதுவும் எதிர்ப் பக்கத்தில். துளைகளின் வடிவம் வேறாக இருப்பதால் எளிதில் நுழையாது. பலம் கொண்டு அழுத்துகிறவர்களுக்குச் சில வேளை நுழைந்துவிடும், 12 வோல்ட் நேரே கிரவுண்டோடு சேரும். செயலிக்கான கனெக்டர் பொதுவாக 4+4 ஆகப் பிரியும், கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும். அதைக்கொண்டு அடையாளம் காணலாம்.

மாடுலர் எஸ்எம்பிஎஸ் வைத்திருந்தவர்கள் அதை மாற்றும்போது செய்யும் ஒரு செயல் மிகவும் ஆபத்தானது. பழைய கேபிள்கள் கேபினட்டின் பின்பக்கம் அழகாகக் கட்டப்பட்டிருப்பதால் அவற்றைக் கழற்றாமல், கருவியை மட்டும் எடுத்துவிட்டுப் புதிய கருவியில் அதே கேபிள்களைச் செருகிவிடுகிறார்கள். மதர்போர்டுப் பக்கமும் ஹார்ட் டிஸ்க் பக்கமும் உள்ள பின் வரிசைக்குத் தரநிலை உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் உள்ள பின் வரிசைக்கு எந்தத் தரநிலையும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைக்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளில்கூட வேறுபாடு உண்டு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் ஹார்ட் டிஸ்கின் மின்சுற்று நொடியில் எரிந்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கலாம். அந்த டிஸ்கில் இருந்த குடும்பப் படங்களையும் கடையின் கணக்குகளையும் மீட்பதற்குப் பெரும் பொருளும் நல்வாய்ப்பும் வேண்டும். ஆகவே மாடுலர் கருவியைக் கழற்றுகிறவர்கள் அதன் கேபிள்கள் அனைத்தையும் கழற்றி, அந்தக் கருவியோடேயே ஒரு பையில் போட்டுக் கட்டி வைக்க வேண்டும்.

மிகப் புதிய, உயர்விலைக் கார்டுகளை வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரநிலை, 12விஎச்பிடபிள்யுஆர் என்ற 16 பின் கனெக்டர் ஒன்றின் வழியாகவே 600 வாட் வரை செலுத்த வழிசெய்தது. அதே ஆண்டு வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் அந்தக் கனெக்டர் உருகியது. முழுமையாகச் செருகப்படாத நிலையிலும் கார்டு மின்சாரம் இழுக்கத் தொடங்கிவிடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. 2023இல் வந்த 12வி-2x6 என்ற திருத்திய வடிவத்தில் சமிக்ஞை பின்களைக் குட்டையாக்கி, இறுதிவரை செருகினால்தான் கார்டு இயங்கும்படி செய்தார்கள். இப்படிப்பட்ட கார்டுக்கு எஸ்எம்பிஎஸ் வாங்குகிறவர்கள் அந்தக் கேபிள் கருவியோடேயே வருகிறதா என்று பார்ப்பது நல்லது.

கருவியின் மறுபக்கம், அதாவது சுவர்ப் பக்கம், நம் ஊரில் கூடுதல் கவனம் கேட்கிறது. பழைய வகைக் கருவிகளின் பின்புறம் 115, 230 என்று குறித்த ஒரு சிறு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த கருவியில் அது 115இல் நின்றிருந்து, அப்படியே நம் 230 வோல்ட் இணைப்பில் செருகப்பட்டால் பெரும் ஓசையோடு உள்ளே வெடித்துவிடும். ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து மின்சாரம் இழுக்கும் முறையைச் சீராக்கும் சுற்று) உள்ள கருவிகளில் அந்த ஸ்விட்ச் இருக்காது. அவற்றுள் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாமே ஏற்றுக்கொள்ளும்.

ஆக்டிவ் பிஎஃப்சி நல்லதுதான் என்றாலும் யுபிஎஸ்ஸோடு அதற்கு ஒரு பிணக்கு உண்டு. வீடுகளில் வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ்கள் பேட்டரியிலிருந்து ஓடும்போது சைன் அலையைத் தராமல் படிக்கட்டு வடிவ அலையைத் தருகின்றன. சில எஸ்எம்பிஎஸ்கள் அதை ஏற்காமல், மின்சாரம் போன அதே நொடியில் கணினியை அணைத்துவிடுகின்றன. புது எஸ்எம்பிஎஸ் போட்ட பிறகு யுபிஎஸ் பழுதாகிவிட்டது என்று நினைப்பவர்களில் பலருக்கு உண்மையான காரணம் இதுவே. அந்த யுபிஎஸ்களின் தாங்கும் அளவு பெரும்பாலும் 360 வாட். மானிட்டரும் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும். மின்சாரம் நின்ற பிறகு எஸ்எம்பிஎஸ் தன்னிடம் சேமித்துள்ளதைக் கொண்டு தாக்குப்பிடிக்க வேண்டிய காலமாக ஏடிஎக்ஸ் நெடுங்காலம் கேட்டுவந்தது ஏறத்தாழ 17 மில்லி விநாடி. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு முழு சுற்றே 20 மில்லி விநாடி. வீட்டு இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பேட்டரிக்கு மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுக்கும். கணினி மீண்டும் தொடங்கிவிடும். இதற்கு எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பயனில்லை.

கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது என்ற புகாரோடும் எஸ்எம்பிஎஸ்கள் மாற்றப்படுகின்றன. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டுவதற்காக ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு ஒவ்வொரு சிறு கெபாசிட்டர் வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் எர்த் இணைப்பு உண்மையாகவே இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட் 230இன் பாதியான 115 வோல்ட்டை ஒட்டி மிதக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் ஒவ்வொன்றும் இப்படித்தான் நடந்துகொள்ளும். சரிசெய்ய வேண்டியது வீட்டின் எர்த்.

80 பிளஸ் முத்திரையைப் பற்றி ஓரிரு சொற்கள் போதும். 2004இல் தொடங்கிய அந்தச் சான்று, சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எத்தனை விழுக்காடு கணினிக்குப் போய்ச் சேருகிறது என்பதை அளக்கிறது. கோல்டு என்றால் பாதிச் சுமையில் 115 வோல்ட் சோதனையின்படி 90 விழுக்காடு. அது பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தையோ கெபாசிட்டர்களின் ஆயுளையோ அளப்பதில்லை. ஒரு நாளில் சில மணி நேரம் ஓடும் வீட்டுக் கணினிக்கு பிரோன்ஸ் (வெண்கல) நிலையே போதும். கூடுதல் பணத்தை நீண்ட உத்தரவாதம் உள்ள கருவிக்குக் கொடுக்கலாம்.

வாங்குவதற்கு முன் பழையது உண்மையிலேயே போய்விட்டதா என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். தரநிலை 24 பின்னில் பச்சைக் கம்பியையும் கறுப்பையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தால் விசிறி சுழலும். ஆனால் விசிறி சுழல்வது கருவி நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது, மஞ்சளிலும் சிவப்பிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஆப்டிபிளெக்ஸ் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறமே ஒரு சோதனைப் பட்டனும் விளக்கும் உண்டு. 8 பின், 6 பின் கனெக்டர்களில் நிறத்தை நம்பிக் கம்பிகளை இணைத்துப் பார்ப்பது வேண்டாம். எதற்காகவும் எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் வயரைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும், அது உயிரைப் பறிக்க வல்லது.

புதியதைப் பொருத்தியதும் முதல் முறை ஹார்ட் டிஸ்க்கையும் கிராபிக்ஸ் கார்டையும் இணைக்காமல் போர்டை மட்டும் எழுப்பிப் பார்க்கலாம். பயாஸ் (கணினியின் தொடக்க அமைப்பு) திரை வந்து, 12 வோல்ட் 11.4க்கும் 12.6க்கும் இடையிலும், 5 வோல்ட் 4.75க்கும் 5.25க்கும் இடையிலும் நின்றால் மற்றவற்றை ஒவ்வொன்றாக இணைக்கலாம். பயாஸ் காட்டும் எண் துல்லியமாக இராது. ஓய்வாக இருக்கும் மோலெக்ஸ் (பழைய வகை 4 பின்) கனெக்டர் ஒன்றில் மல்டிமீட்டரை வைத்து அளப்பதே நம்பத்தக்கது. பிறகு செயலியும் கார்டும் முழுச் சுமையில் ஓடும்படி ஏதேனும் ஒரு வேலையைக் கொடுத்து அரை மணி நேரம் விட்டு, மறுபடியும் அளக்க வேண்டும். சுமை ஏறும்போது 12 வோல்ட் 11.4க்குக் கீழே இறங்கும் கருவியை, மாற்றித் தருவதாகச் சொன்ன நாள் முடிவதற்குள் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.